வலப்பக்கக் கழுத்தில் மூன்று பிசிறு

அக்கா சட்டையை உட்புறம் வெளியே தெரியும்படி புரட்டிப்போட்டுப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். காலை எட்டேகால். கழுத்துப்பட்டை ஓரம், தோள் தையல், கைமடிப்பு என்று கத்தரிக்கோல் நுனி தாவிக்கொண்டே போனது. தையல் மெஷினுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடத்தான் இடம். அதில் ஒடுங்கி உட்கார்ந்து சின்னவள் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

ஏதோ ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

"அடச்சே," என்றாள் அக்கா. "பிசிறுன்னு நெனச்சு பொத்தான் நூலையே வெட்டித் தொலச்சிட்டேன்டி. பாக்க அப்படியே பிசிறு மாதிரியே இருந்துச்சு."

மாமா ஒரு காலில் ஷூவோடு குனிந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் தேடினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "கண்ணாடி போட்டுக்கன்னு ஆறு மாசமா தலையால அடிச்சுக்கிறேன். கிழவின்னு சொல்லிருவாங்கன்னு பயம் உனக்கு."

"நீங்க ரிப்பேர் பண்ணப் போன லிஃப்ட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டு எனக்கு ஃபோன் பண்ணுன ஆளு. பேசாம பொத்தானை எடுங்க."

சின்னவளின் கையிலிருந்த ரொட்டி உடைந்து தேநீருக்குள் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. சட்டையில் பொத்தான் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியில் இரண்டு ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

தேர்வுக்கு முந்தின நாள் அவளும் அப்படித்தான் மூன்று பிசிறு வெட்டியிருந்தாள். சட்டையில் அல்ல. ஒரு கழுத்தில்.

சின்னவள் மருத்துவக் கல்லூரியில், உடற்கூறியல் துறையில் செய்முறை உதவியாளர். அறிவியல் பட்டம் முடித்து அங்கே சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு மாதம் போனால் வேலை நிரந்தரம். மாணவர்கள் அவளை 'நூல் மிஸ்' என்பார்கள். வருடக் கடைசித் தேர்வுக்கு, படிப்புக்கென்று தரப்பட்ட உடல்களில் நாற்பது இடங்களில் சிவப்பு நூல் கட்டி, பக்கத்தில் எண் குத்திவைப்பவள் அவள்தான். ஓர் இடத்துக்கு ஒரு நிமிடம். மணி அடித்தால் அடுத்த இடம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், குனிந்து பார்த்து, நூல் கட்டியிருப்பது எதில் என்று எழுத வேண்டும். ஒன்றுக்கு ஒரு மதிப்பெண். இருபது வாங்கினால் தேர்ச்சி.

இருபத்துமூன்றாம் நூல் பதினேழாம் மேசையில், வலப்பக்கக் கழுத்தில் இருந்தது.

கழுத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பெரிய தமனி மேலே ஏறும். தாடைக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரியும். ஒன்று கழுத்தில் யாருக்கும் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காமல், ஒரு கிளையும் விடாமல், நேரே மண்டைக்குள் போய்விடும். அது உள் தமனி. மற்றது தொண்டைக்கு, நாக்குக்கு, முகத்துக்கு என்று போகிற வழியெல்லாம் கிளைவிட்டுக் கொடுத்துக்கொண்டே போகும். அது வெளித் தமனி. பாடப்புத்தகப் படத்தில் வெளித் தமனி முன்னால் இருக்கும். உள் தமனி அதற்குப் பின்னால், சற்று வெளிப்புறமாக. வெளியே இருப்பதற்கு உள் என்று பெயர் வைத்தவன் யார் என்று வருடா வருடம் ஒருவன் கேட்பான், வகுப்பு சிரிக்கும்.

அவள் பின்னால் இருந்ததில் நூல் கட்டினாள். திருத்துவதற்கான விடைக்குறிப்பில் 'உள் தமனி' என்று எழுதினாள். கட்டும்போது அதன் முன்சுவரில் பென்சில் முனை அளவில் மூன்று துணுக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. போன வருட மாணவர்கள் எதையோ அரைகுறையாக அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சவ்வு மிச்சம் என்று நினைத்தாள். மெல்லிய கத்தரிக்கோலால் சுவரோடு சேர்த்து நறுக்கிவிட்டாள். தமனி மழமழவென்று ஆகிவிட்டது. துறைத்தலைவர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்று, "நீட்டா இருக்கே," என்றார். பதினோரு மாதத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

நூற்றுப் பன்னிரண்டு பேர் தேர்வு எழுதினார்கள். நூற்றுப் பதினோரு பேர் 'உள் தமனி' என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும், ஒரு சொல் கேட்ட இடத்தில் இரண்டு வரி எழுதியிருந்தான். 'வெளித் தமனி. இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. முன்னால் இருப்பதன் அடிப்பகுதிதான் புடைத்திருக்கிறது.'

நேற்று மதியம் அந்த வரியைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் வந்தது. தாளில் எண் மட்டும்தான் இருந்தது என்றாலும் கையெழுத்து யாருடையது என்று தெரியும். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பதால் 'கேள்விக்குறி' என்று பெயர் வாங்கியவன். தேர்வின்போதும் அந்த மேசையில் நின்று, "மிஸ், இதைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுவீங்களா?" என்று கேட்டான். "கையைப் பின்னாடி கட்டு. மணி அடிக்கப்போகுது," என்று அவள் சொல்லிவிட்டாள். விடையைப் பார்த்து, அதிகப்பிரசங்கி என்று நினைத்துக்கொண்டு சிவப்பு மையில் தப்புப் போட்டாள்.

அவன் மொத்த மதிப்பெண் பத்தொன்பது. போன முறையும் தோற்றவன். இரண்டு முறை தோற்றால் படிப்பை விட்டுப் போக வேண்டும் என்பது விதி.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றாள் அக்கா.

"அது பிசிறு இல்லக்கா."

"அதான் சொல்றேன்ல, பொத்தான் நூலுன்னு."

சின்னவள் எழுந்துவிட்டாள். பதினேழாம் உடல் இரண்டு வருடம் மேசையில் இருந்து, முடிந்துவிட்டது. இன்று ஒன்பதரைக்குக் குடும்பத்தாரிடம் கொடுக்கிறார்கள். பத்தரைக்குத் தலைவர் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போடுவார். பன்னிரண்டுக்குப் பலகையில் ஒட்டுவார்கள். ஒன்பதரைக்குப் பிறகு அந்தக் கழுத்தை யாரும் பார்க்க முடியாது.

"சாப்பிட்டுட்டுப் போயேன்!" என்று அக்கா கத்தியது படிக்கட்டில் கேட்டது. "டாக்டரம்மாவுக்கு எமர்ஜென்சி போல," என்ற மாமாவின் குரலும்.

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் அவளால் உட்கார முடியவில்லை. நின்றாள். ஓட்டுநருக்குப் பின்னால் போய் நின்றாள். திரும்பிக் கதவருகே வந்தாள். தலைவருக்கு மூன்று முறை ஃபோன் செய்தாள்; அணைத்து வைத்திருந்தார். அப்படி அணைத்து வைத்திருந்தது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. எடுத்திருந்தால் என்ன பேசுவது?

கேள்வியையே ரத்துச் செய்துவிடச் சொன்னால்? கணக்குப் போட்டாள். நாற்பது முப்பத்தொன்பதாகும். பாதி பத்தொன்பதரை. அவனுக்குப் பத்தொன்பது. அரை மதிப்பெண் குறையும். விடையை மாற்றச் சொன்னால்? அவனுக்கு இருபது. ஆனால் சரியாக இருபதில் நின்றவர்கள் நான்கு பேர். நால்வரும் 'உள்' என்று எழுதியவர்கள். அவர்கள் பத்தொன்பதுக்கு இறங்குவார்கள். ஒருவனைத் தூக்கினால் நான்கு பேர் விழுகிறார்கள்.

ஒருவேளை அது சவ்வாகவே இருந்திருந்தால்? அப்படியே இருக்கட்டும் என்று ஒரு நிறுத்தம் வரைக்கும் வேண்டிக்கொண்டாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அந்த மூன்று துணுக்குகளும் கண்ணுக்குள் வந்துவிட்டன. ஒன்று கீழே, ஒன்று நடுவில், ஒன்று மேலே. தொண்டைக்கு, நாக்குக்கு, முகத்துக்கு. சவ்வு இப்படி வரிசையாக இடைவெளி விட்டு நிற்குமா? நறுக்கும்போது கத்தரிக்கோலில் 'நறுக்' என்று ஒரு சின்னத் தடை வந்ததே. சவ்வுக்கு அந்தத் தடை வராது. அது அவள் விரலுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

கல்லூரிக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பேருந்து நகரவில்லை. இறங்கி நடந்தாள். பிறகு ஓடினாள். தாடைக்குக் கீழே அவள் கழுத்தில் இரண்டு பக்கமும் துடித்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்தில் எது முன்னால் இருக்கிறது என்று அவளுடைய கழுத்தைப் பற்றியே அவளுக்குத் தெரியாது.

உடற்கூறியல் கூடத்தின் பின்வாசலில் வண்டி நின்றிருந்தது. மணி ஒன்பது பத்து. உள்ளே தொட்டிக்காரர் பெட்டியின் மூடியில் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். உடல்களைத் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இருபது வருடமாக அந்தப் பெயர்.

"அண்ணே, நிறுத்துங்க. திறக்கணும்."

"எதை?"

"பதினேழை."

அவர் திருப்புளியைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "மிஸ்ஸு, இந்தப் பதினோரு மாசத்துல நீங்க இவ்வளவு சத்தமா பேசி நான் கேட்டதே இல்ல. ஆனா ஸ்க்ரூ போட்டாச்சு."

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதி வைத்த விதி அல்ல. எழுதி வைத்த விதியை விடக் கறாரானது. திருகாணி முடுக்குகிறவரை உடல் கல்லூரியுடையது. முடுக்கிவிட்டால் குடும்பத்துடையது. அதன் பிறகு தலைவரே வந்து சொன்னாலும் தொட்டிக்காரர் திறக்கமாட்டார். ஒவ்வொரு மேசைக்கும் அதே எண் போட்ட ஒரு வாளி உண்டு. இரண்டு வருடத்தில் அந்த உடலிலிருந்து வெட்டிய எதுவும், நகக்கண் அளவுத் துணுக்கானாலும், அந்த வாளிக்குத்தான் போக வேண்டும். கடைசியில் வாளியும் பெட்டிக்குள் போகும். அவள் நறுக்கிய மூன்றும் அதற்குள் எங்கோ இருந்தன.

"ஒரு ஸ்க்ரூதானே அண்ணே முடியல?"

"இப்ப முடிஞ்சிருச்சு," என்று அரைச் சுற்று முடுக்கினார். பிறகு குரலை இறக்கினார். "இவரோட பொண்ணு வந்திருக்கு. வராந்தால உக்காந்திருக்கு. அவங்க சரின்னா எனக்குச் சரி. நீங்கதான் போய்க் கேக்கணும். நான் கேக்கமாட்டேன்."

வராந்தா பெஞ்சில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ரயில் நிலைய டிக்கெட் கவுன்டரின் சீருடை. மடியில் கையெழுத்துப் போட்ட காகிதங்கள். சின்னவள் அவர் முன்னால் போய் நின்றாள். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கால் நகர்ந்தது. கூடத்துக் கதவிடுக்கில் தொட்டிக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இன்னொரு கையெழுத்தா?" என்றார் அந்த மகள். "ஒன்னு விட்டுப்போச்சா?"

"இல்ல மேடம். உங்க அப்பாவோட பெட்டியத் திறக்கணும். கால் மணி நேரம். ஒன்னு பாக்கணும்."

"என்னது?"

"கழுத்து."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு வருஷமா பாத்தீங்களே, பத்தலையா?"

"பாத்தோம். சரியா பாக்கல." அவளுக்கு முகம் காந்தியது. "நான் சரியா பாக்கல. அதுல ஒரு பையன் மார்க் போயிருச்சு. அவன் சொன்னது சரியா இருக்கலாம். உங்க அப்பாவுக்கு வலது பக்கம் ரெண்டு ரத்தக்குழாய் இடம் மாறி இருந்திருக்கும்னு தோணுது. முன்னாடி இருக்கவேண்டியது பின்னாடி. பெட்டி போயிருச்சுன்னா இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அவன் படிப்பு போயிரும்."

அவ்வளவு நீளமாக அவள் ஒரு அந்நியரிடம் பேசியதில்லை.

"இடம் மாறி இருந்தா, அவருக்கு அதனால ஏதாவது ஆச்சா?"

"ஆகியிருக்காது. அவருக்கே தெரிஞ்சிருக்காது. ரத்தம் போகவேண்டிய இடத்துக்குப் போயிரும். கத்தி வைக்கிற டாக்டருக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

மகள் காகிதங்களை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எங்க கவுன்டர்ல எல்லாரும் ஒரு வரிசையில நிப்பாங்க. எங்கப்பா பென்ஷன் வாங்கப் போனாக்கூட, ஆள் இல்லாத ஜன்னல் முன்னாடி போய் நிப்பாரு. ஏன்ப்பா அங்க நிக்கிறீங்கன்னா, 'திறக்கும்'னு சொல்லுவாரு." அவர் சிரிக்கவில்லை. ஆனால் வாயோரம் அசைந்தது. "உள்ளயும் அப்படித்தானா மனுஷன்."

"தெரியல மேடம். பாத்தாத்தான் தெரியும்."

"எனக்கு மதியம் ஷிப்ட். வண்டிக்காரரு வேற ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்காரு. கால் மணி நேரம்னா கால் மணி நேரம்." எழுந்தார். "நான் உள்ள வரமாட்டேன். கதவுகிட்ட நிக்கிறேன்."

தொட்டிக்காரர் எட்டுத் திருகாணிகளையும் கழற்றினார். ஒவ்வொன்றையும் மேல்சட்டைப் பைக்குள் போட்டார். துணியை விலக்கி, தலையை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவர் கைகள் அதைச் செய்த விதத்தில், தூங்குகிறவரின் தலையணையைச் சரிசெய்வது போன்ற கவனம் இருந்தது.

சிவப்பு நூல் இன்னும் இருந்தது. கழற்ற மறந்திருக்கிறாள். அதற்கும் சேர்த்து ஒரு முறை வெட்கப்பட்டாள்.

நூல் கட்டிய தமனியின் முன்சுவரில் விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். மழமழப்பில் மூன்று வட்டங்கள், கூர்ந்து பார்த்தால் மட்டும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி நுனி போல ஒரு துளை. சவ்வுக்கு நடுவில் துளை இருக்காது. அதுவே போதும். ஆனால் போதாது; வெட்டியவளே துளையையும் குத்திவிட்டாள் என்று யாராவது சொல்லலாம். மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

"மிஸ்ஸு, இன்னும் பன்னெண்டு நிமிஷம்தான்."

காதுக்குக் கீழே இருந்த உமிழ்நீர்ச் சுரப்பியை எந்த மாணவனும் ஒழுங்காகப் பிரித்திருக்கவில்லை. முனை மழுங்கிய இடுக்கியை உள்ளே விட்டு விரித்தாள். வெட்டவில்லை. இனி இந்த உடலில் எதையும் வெட்டமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். விரித்து, விலக்கி, நூல் கட்டிய தமனியைப் பின்தொடர்ந்தாள். அது தாடை எலும்புக்குப் பின்னால் சுரப்பிக்குள் நுழைந்தது. அங்கே போய் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று தாடைக்கு உள்ளே. ஒன்று நெற்றிப்பொட்டை நோக்கி மேலே. நேரே மண்டைக்குள் போகிற தமனி இப்படிப் பிரியாது.

பிறகு முன்னால் இருந்ததைத் தொடர்ந்தாள். அடியில் கட்டைவிரல் நுனி அளவுக்குப் புடைப்பு. உள் தமனி தொடங்குகிற இடம் அப்படித்தான் இருக்கும். தேர்வன்று அங்கே விளக்கே விழவில்லை. அவன் அதை எப்படிப் பார்த்தானோ. அது ஒரு கிளையும் விடாமல் ஏறியது. ஏறி, மண்டையின் அடி எலும்பில் இருந்த துவாரத்துக்குள் போய் மறைந்தது. இடுக்கியின் நுனி எலும்பில் 'டிக்' என்று பட்டது.

"என்ன?" என்றார் மகள் கதவருகிலிருந்து. முதுகு காட்டித்தான் நின்றிருந்தார்.

"மாறித்தான் இருக்கு மேடம்."

"ரெண்டு பக்கமுமா?"

"இடது பக்கம் எல்லாருக்கும் இருக்கிற மாதிரி. வலது பக்கம் மட்டும்."

அவர் கை மெதுவாகத் தன் வலப்பக்கக் கழுத்துக்குப் போனது. "எனக்கும் இருக்குமா?"

"பெரும்பாலும் இருக்காது. ஆனா சொல்ல முடியாது. எனக்கே எப்படின்னு எனக்குத் தெரியாது."

கூடத்துக்குள் ஃபோனை வெளியே எடுக்கக் கூடாது. படம் எடுக்க முடியாது. சின்னவள் பதிவேட்டை இழுத்துப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தாள். கைரேகை வடிவில் ஃபார்மலின் கறை படிந்த பக்கம். அதில் பென்சிலால் வரைந்தாள். ஒரு தமனி, இரண்டு கிளை, எது எங்கே போகிறது என்று அம்புக்குறி. மூன்று வட்டங்கள். அதன் கீழே எழுதினாள்: 'இந்த மூன்று கிளைகளின் அடிப்பகுதியைத் தேர்வுக்கு முந்தின நாள் நான் வெட்டி நீக்கினேன்.' கையெழுத்துப் போட்டாள். தொட்டிக்காரரைப் பார்த்தாள்.

"நான் என்ன டாக்டரா கையெழுத்துப் போட?"

"நீங்க பாத்தீங்கல்ல?"

"இருபது வருஷமா பாக்கிறேன். யாரும் கையெழுத்துக் கேட்டதில்ல." போட்டார். பேனாவைத் துடைத்து, கதவருகே கொண்டுபோய் மகளிடம் நீட்டினார், யாரும் சொல்லாமலே.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இதுதான் அவரா?" என்று கேட்டுவிட்டு, அவரும் போட்டார்.

திருகாணிகள் ஒவ்வொன்றாக ஏறின. சிவப்பு நூல் இந்த முறை சின்னவளின் கைக்குள் இருந்தது.

பத்து இருபதுக்குத் தலைவர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டக் கை தூக்கி, இறக்கி, தட்டாமலே திறந்துவிட்டாள். அவர் பட்டியலைத் திறந்து பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கதவைத் தட்டக்கூட நேரமில்லையா?"

அவள் பதிவேட்டைப் பட்டியலின் மேல் வைத்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். முதல் வரி மறந்துபோனது. நடுவிலிருந்து ஆரம்பித்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். படத்தைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது, ஒரு கணம் அவர் முகத்தில் இருந்தது கோபம் அல்ல, ஏக்கம். இப்படி ஒரு கழுத்து இரண்டு வருடம் தன் கூடத்தில் கிடந்தும் தான் பார்க்கவில்லையே என்கிற ஏக்கம். அடுத்த கணம் மூன்றாவது கையெழுத்தில் விரல் நின்றது.

"இது யாரு?"

"அவரோட மகள் சார்."

"குடும்பத்துக்கு ஏன்மா சொன்னே? நாளைக்கு ஒரு புகார் எழுதிப்போட்டா?"

"கேக்காம திறக்கமாட்டேன்னுட்டாரு அண்ணன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நூத்திப் பதினோரு பேர் தப்பு, ஒருத்தன் சரி. இதை வெளியில சொன்னா முதல்ல என்னைத்தான் கேப்பாங்க, என்னய்யா பாடம் நடத்தினேன்னு."

"அவங்க மேல தப்பில்ல சார். கிளை இருந்திருந்தா எழுதியிருப்பாங்க. நான் வெட்டினதுக்கு அவங்க மார்க் ஏன் போகணும்? அவனோடதும் போகக்கூடாது."

"அதாவது ரெண்டு விடையையும் ஏத்துக்கணும்."

"ஆமா சார்."

அவர் பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போட்டார். அவள் பேருந்தில் போட்ட அதே கணக்கு. அவருக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. யாரும் விழவில்லை. ஒருவன் ஏறுகிறான். "சரி," என்றார். "இருபத்துமூணுக்கு ரெண்டு விடையும் ஏற்கப்பட்டதுன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. காரணம் எதுக்கு? இந்தப் பக்கம் பதிவேட்டுல இருக்கவேண்டாம். பென்சில்தானே, அழிச்சிரு. ஒரு மாசத்துல உன் ஃபைல் மேல போகுது. அதோட சேத்து இதையும் எவனாவது படிச்சான்னா?"

மேசை மேல் ரப்பர் இருந்தது. அவரே அதை அவள் பக்கம் தள்ளினார். மிரட்டல் இல்லை அதில். உண்மையிலேயே அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்தார்.

அவளுக்கு அதை எடுக்கத் தோன்றியது. எடுத்தாள்கூட. உள்ளங்கையில் சிவப்பு நூலோடு சேர்ந்து அதுவும் உட்கார்ந்தது.

"அழிச்சா மறுபடியும் மழமழன்னு ஆயிரும் சார்," என்றாள்.

"என்னது?"

"பக்கம். பாக்க நீட்டா இருக்கும். அடுத்த வருஷமும் நான் இதே மாதிரி வெட்டுவேன்."

"அடுத்த வருஷம் நீ இங்க இருக்கணும்ல?"

அவள் ரப்பரைத் திரும்ப வைத்தாள். அவர் பேனாவைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு பட்டியலில் பத்தொன்பதை அடித்து இருபது என்று எழுதி, பக்கத்தில் சிறுகையெழுத்துப் போட்டார். பதிவேட்டை மூடி, திரும்பக் கொடுத்தார். உள்ளே அவர் எதுவும் எழுதவில்லை. அவள் எழுதியதை அழிக்கவும் இல்லை.

"உன் விஷயம் அப்புறம் பேசலாம். போ."

அப்புறம் என்றால் எப்போது என்று கேட்காமலே பதிவேட்டோடு வெளியே வந்தாள். கேட்கிற தைரியம் காலையிலிருந்து பேசிய பேச்சில் தீர்ந்துபோயிருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பலகை முன்னால் கூட்டம். அவள் படிக்கட்டின் வளைவில் நின்று பார்த்தாள். கேள்விக்குறி கூட்டத்தின் ஓரமாகப் போய், விரலால் எண்ணைத் தேடி, கண்டுபிடித்து, விரலை எடுக்காமல் அப்படியே நின்றான். யாரோ முதுகில் தட்டினார்கள். அவன் திரும்பியபோது கண் அவள் மேல் பட்டது. நேரே வந்தான்.

"மிஸ், இருபது. சரியா இருபது."

"பாத்தேன்."

"இருபத்துமூணுக்கு ரெண்டு விடையும் சரின்னு கீழ போட்டிருக்கு. எப்படி மிஸ் ரெண்டும் சரியாகும்? ஒரே குழாய்தானே?"

தேர்ச்சி பெற்ற சந்தோஷத்தில் ஒரு நாளாவது கேட்காமல் இருப்பான் என்று நினைத்திருந்தாள்.

"ரெண்டும் சரியில்ல. நீ எழுதினதுதான் சரி," என்றாள். "அதுல கிளை இருந்துச்சு. பிசிறுன்னு நெனச்சு நான் வெட்டிட்டேன். மத்தவங்க அதனால தப்பா எழுதினாங்க. பதிவேட்டுல எழுதியிருக்கேன், போய்ப் பாரு."

முதல் முறையாக அவனிடம் கேள்வி இல்லை. அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

"மத்த நூலு எல்லாம் மிஸ்?"

"எது?"

"மீதி முப்பத்தொன்பது. அதையும் நீங்கதானே நீட் பண்ணுனீங்க?"

அவள் அவனைப் பார்த்தாள். படியிலிருந்து இறங்க எடுத்த கால் அப்படியே நின்றது. பதினோராம் மேசையில் ஒரு தோள் நரம்பு. நான்காம் மேசையில், முழங்கைக்குக் கீழே, வழக்கத்தை விட உயரத்தில் பிரிந்த ஏதோ ஒன்று. அதில் ஒரு நூலிழை போன்ற கிளையை அவள் சுத்தம் செய்த ஞாபகம். ஞாபகமா, பயமா? அந்த உடல்களுக்குப் பெட்டி வர இன்னும் நான்கு நாள் இருக்கிறது. சாப்பாட்டு மணி. கூடத்தில் மாணவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள்.

"வா," என்றாள். ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

கூடத்தில் தொட்டிக்காரர் காலியான பதினேழாம் மேசையைக் கழுவிக்கொண்டிருந்தார். "மறுபடியும் எதைத் திறக்கணும் மிஸ்ஸு?" என்றார், நிமிராமலே.

நான்காம் மேசையின் துணியை அவள் விலக்கினாள். விளக்கை இழுத்தாள். கேள்விக்குறி பழக்கம் விடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான்.

"கையுறை அங்க இருக்கு," என்றாள் அவள். "போட்டுக்கிட்டுத் தொட்டுப் பாரு."